அண்ணன் தம்பிக்குள் பாஸ்வேர்டு எதற்கு

என் தம்பி என்மேல் வைத்திருந்த நம்பிக்கையின் விலை ஒரு சுருள் கேபிள். இரண்டு முனையிலும் மாட்டும் பிளக்குகள் இலவசம். பக்கத்துக் கடைக்காரன் முதலில் அதற்கும் தனியாகக் கேட்டான். நான் கேபிளை மேசைமேல் வைத்துவிட்டு வாசல்வரை நடந்து, வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டுக் கொடுத்தான். அவன் கடைக்கு நான் போனால் நான் நடப்பேன், என் கடைக்கு அவன் வந்தால் அவன் நடப்பான். எங்கள் தெருவில் மரியாதை என்பது இதுதான்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறான் என்று பார்க்கிறீர்கள், சார். நேற்று நேராக விஷயத்துக்கு வந்தேன், நீங்கள் நம்பவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்து, "தம்பி மேல உங்களுக்கு இருக்கிற பாசம் புரியுதுங்க, வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றீர்கள். வேண்டாத சரக்கை வேண்டாத ஆளின் தலையில் கட்டியே பிழைத்தவன் நான். என் சொந்தக் குற்றத்தை மட்டும் விற்க முடியாமல் உங்கள் ஸ்டேஷன் படியிறங்கிப் போனேன். அதனால் இன்றைக்குச் சரக்கைப் பிரித்துக் காட்டுகிறேன். தொட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேசையில் இருக்கும் தாளில் என் தம்பி கையெழுத்துப் போட்டிருக்கிறான். புதுக் கட்டடத்தில் மாடிப்படி திரும்புகிற இடத்தில் இருந்த மேடை விழுந்ததற்கும், கொத்தனாரும் செங்கல் சுமந்த பெண்ணும் அதற்கு அடியில் செத்ததற்கும் தான் எழுதிய தப்பான கணக்குத்தான் காரணம் என்று எழுதியிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அதை அவன் நம்புகிறான். நம்பவைத்தது நான். ஏறக்குறைய ஒரு வருட வேலை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். அப்போது எனக்குக் கடை திறக்கிற வயது, அவனுக்குப் பள்ளிக்கூடப் பை தூக்குகிற வயது. அப்பா விட்டுப்போனது கடைத்தெருவில் ஒரு மின்சாமான் கடை, சந்துக்குள் ஒரு மாடி வீடு, இவன். மூன்றையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "பொண்ணு பார்க்கப் போற அன்னிக்கெல்லாம் கடையில கூட்டம்" என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். இவனைப் படிக்கவைத்தேன். கட்டட இன்ஜினியர் ஆனான். எந்தத் தூணுக்கு எவ்வளவு கம்பி, எந்தத் தளம் எத்தனை கனம் என்று கணக்குப் போடுகிற வேலை. அவன் கணக்கைச் சரிபார்க்கும் பெரிய இன்ஜினியர், "ஒரு தப்பாவது விட்டு வையேன்யா, சும்மா உக்காந்து சம்பளம் வாங்க வெக்கமா இருக்கு" என்பாராம். அவன் வந்து என்னிடம் சொல்வான். நான் கடையில் நாலு பேரிடம் சொல்வேன்.

மாடியில் அவன், அவன் மனைவி, மகள். கீழே நான். அவன் வீட்டிலிருந்தே வேலை செய்தான். ஒருநாள் அவனுடைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது, கூடவே பல நாள் வேலையும் போனது. "எல்லாத்துக்கும் வேற மெஷின்ல ஒரு காப்பி இருக்கணும்ணா" என்றான். கடைக் கணக்குக்கு வாங்கிய என் கம்ப்யூட்டர் கீழே இருந்தது. "அது பகல் பூரா கொட்டாவி விட்டுட்டுதானேடா கிடக்கு, ரெண்டையும் சேர்த்துடலாம்" என்றேன். அன்றைக்கு இதில் சூது எதுவும் இல்லை. இருந்திருந்தால் சொல்லிவிடுவேன், இனிமேல் மறைத்து என்ன லாபம்.

கேபிள் இல்லாமலே சேர்க்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டுச் சுவர் அந்தக் காலத்துச் சுவர், முழங்கை கனம். மேலே கத்தினாலே கீழே கேட்காது, கண்ணுக்குத் தெரியாத அலை எப்படி இறங்கும். குளியலறைக் குழாய் மேலிருந்து இறங்குகிற துளையைக் கொஞ்சம் அகலமாக்கி நானே கேபிளை இழுத்தேன். தம்பி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நிறங்களை வாசித்தான். நான் அந்த மெல்லிய கம்பிகளை வரிசை தப்பாமல் பிளக்குக்குள் நுழைத்து அமுக்கினேன். இந்த மெஷினிலிருந்து அந்த மெஷினுக்கு நேராக ஒரே கேபிள், நடுவில் எதுவும் கிடையாது. ஒன்றையொன்று கண்டுபிடிக்க இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுக்க வேண்டுமாம். என்னுடையதற்கு ஒன்று என்று முடியும் எண்ணைக் கொடுத்தான், தன்னுடையதற்கு இரண்டு. "மூத்தவன் நீதானேண்ணா" என்றான்.

அதற்குப் பிறகுதான் அந்த இடம் வந்தது. அவன் வேலைக் கோப்புகளை என் மெஷினுக்குத் திறந்துவிடும்போது திரை சில கேள்விகள் கேட்டது. யார் பார்க்கலாம், பார்க்க மட்டுமா, மாற்றவுமா, பாஸ்வேர்டு வேண்டுமா. அவன் கை நின்றது.

"நீ பார்க்க மட்டும்னு வச்சா போதும்ணா. ஒரு பாஸ்வேர்டும் போட்டுடறேன். அதான் முறை."

நான் தரையில் கிடந்த கேபிள் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னேன். "அண்ணன் தம்பிக்குள்ள பாஸ்வேர்டு எதுக்குடா."

அவன் காது சிவந்துபோனது. என் சட்டைப் பையில் கை விட்டு மாட்டிக்கொண்டவன்போல ஆகிவிட்டான். "ச்சே, சும்மா சொன்னேன்ணா" என்று, எல்லாருக்கும் எல்லா உரிமையும் என்ற கட்டத்தை அழுத்தினான். வேறு வீடாக இருந்தால் போட்டிருப்பார்கள், சார். நாங்கள் தட்டைக்கூடத் தனியாக வைத்துச் சாப்பிட்டதில்லை. பூட்டுவது எங்களுக்குக் கெட்ட வார்த்தை.

முதலில் நான் வெறுமனே பார்த்தேன். வளர்த்த பிள்ளை படிக்கும்போது கதவோரம் நின்று பார்ப்பதில்லையா, அதுபோல. எண்ணும் கோடுமாக ஒன்றும் புரியாது. ஆனாலும் ஓரத்தில் அவன் பெயர் இருக்கும். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், கணக்குகளுக்கு நடுவில் ஒரு கடிதம் இருந்தது. கடல் தாண்டி ஒரு கம்பெனி. வேலை தருகிறார்கள், குடும்பத்தோடு வரலாம், வீடு அவர்கள் பொறுப்பு. அவன் எழுதியிருந்த பதிலும் இருந்தது: மகிழ்ச்சி, வீட்டுப் பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லக் கொஞ்சம் காலம் வேண்டும்.

வீட்டுப் பெரியவர் நான்தான்.

அவன் வந்து சொல்வான் என்று காத்திருந்தேன். வேண்டும் என்கிற பொருளை வேண்டும் என்று முகத்தில் காட்டுபவன் வியாபாரி இல்லை. தினமும் மாலையில் இறங்கி வருவான். தேநீர் குடிப்பான், மழை பற்றிப் பேசுவான், கடைக்கு வந்த கிறுக்கர்களைப் பற்றி நான் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். கடிதத்தை எடுக்கவில்லை. நான் தூண்டில்கூடப் போட்டேன். "வெளிநாடு போறவன்லாம் என்னத்தடா பெருசா சம்பாதிக்கிறான்" என்றேன். "அதானேண்ணா" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனான்.

அந்த 'அதானே' தான் எனக்கு வலித்தது. பொய்யாக இருந்தாலும் கொஞ்சம் விலையேற்றிச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த நாள் காலை அவன் குளிக்கப் போனான். மேலே குழாய் திறந்தால் என் சுவருக்குள் சத்தம் இறங்கும். அந்தச் சத்தம் நிற்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. அவன் திறந்து வைத்திருந்த கம்பி அட்டவணையில், பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம் என்று இருந்த ஒரு கம்பியை இருபது ஆக்கினேன். அசலை முதலில் என் மெஷினில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டேன். அசல் சரக்கை நான் எப்போதும் தூக்கிப் போடுவதில்லை.

பெரிய இன்ஜினியர் பிடித்துவிட்டார். "கடைசியில நம்ம கைக்கும் ஒரு தப்பு மாட்டிச்சு" என்று சந்தோஷப்பட்டாராம். தம்பியும் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னான். யாருக்கும் நஷ்டமில்லை, பாருங்கள். எனக்கு வேண்டியது அவன் தன் தலையைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும், அவ்வளவுதான். தன் தலைமேல் சந்தேகம் வந்தவன் கடல் தாண்டிப் போகமாட்டான்.

இரண்டாவது தப்புக்கு அவன் பாதிதான் சிரித்தான். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஒரு தளத்தின் கனம், ஒரு தூணின் அகலம், ஒரு எண்ணுக்குப் பின்னால் ஒரு சைபர். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் நான் தொட்டதில்லை. ஒவ்வொன்றையும் பெரிய இன்ஜினியர் பிடித்தார். அவருடைய சந்தோஷமும் போய்விட்டது. "வீட்டுல எதாவது பிரச்சனையாய்யா" என்று கேட்க ஆரம்பித்தார். தம்பி ஒரே கணக்கை மூன்று முறை போட்டான். வாய்விட்டு எண்களைச் சொல்லிக்கொண்டு மாடியில் நடந்தான். அவன் மகள், எங்கள் வாயாடி, இறங்கி வந்து, "பெரியப்பா, அப்பா கேஸ் மூடியிருக்கான்னு பார்த்துட்டு வந்து, மறுபடி போய், பார்த்தேனான்னு பார்க்கிறாரு" என்றாள். அவளுக்கு அது விளையாட்டு.

நான் சும்மா இருக்கவில்லை. நல்ல மருத்துவராகப் பார்த்து நானே அழைத்துப் போனேன். வெளியே பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தூங்க மாத்திரை கொடுத்தார்கள். வேளை தவறாமல் நான்தான் ஞாபகப்படுத்தினேன். அந்த மாதங்களில் அவன் என்னிடம் பேசியதுபோல் அதற்கு முன்னால் எப்போதும் பேசியதில்லை, சார். சின்ன வயதில் பாம்பு கனவு வந்தால் என் பாய்க்கு வந்து ஒட்டிக்கொள்வான். அந்த மாதிரி.

அவன் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்தம் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. கண்ணுக்குத் தெரியாததைத் தேடிப் பிடித்துச் சம்பளம் வாங்குபவள். ஒரு விடுமுறை நாள் காலையில் அவன் குளித்துக்கொண்டிருந்தான். அவள் துணி மடிக்க அந்த அறைக்கு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. கேபிள் சொருகியிருக்கிற இடத்தில் ஒரு சிறிய பச்சை விளக்கு உண்டு. எதாவது போய்வந்தால் துடிக்கும். மெஷினை யாரும் தொடவில்லை, விளக்கு துடிக்கிறது. அவள் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறாள். பிறகு கேபிளைப் பிடுங்கினாள்.

கீழே என் திரையில் அவன் கோப்புகள் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. இணைப்பு இல்லை என்று ஒரு வரி வந்தது. சுவருக்குள் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குமேல் காலடிச் சத்தம், மாடிப்படியில். நான் கடைக் கணக்கைத் திரையில் எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்தேன்.

"மாமா, பிஸியா?"

"வாம்மா. லாபத்தைத் தேடிட்டிருக்கேன், அகப்பட மாட்டேங்குது."

அவள் சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. "யாரும் தொடாதப்போ மேல அந்த லைட்டு ஏன் மாமா அடிக்குது?"

"ரெண்டு மெஷினும் ஒண்ணையொண்ணு இருக்கியா, இருக்கியான்னு கேட்டுக்கும்மா. உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

"இருக்கியான்னு கேக்க இவ்வளவு நேரமா? நான் எங்கம்மாகிட்டகூட அவ்வளவு நேரம் கேக்க மாட்டேன்."

"காப்பி எடுக்கும்போது நேரமாகும்."

"காப்பி தானா சாயங்காலம்தான் எடுக்கும்னு அவர் சொல்லியிருக்காரே."

நல்ல வியாபாரி எதிரே நிற்கும்போது அடுத்த விலையைச் சொல்லக்கூடாது; வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் மூடிக்கொண்டேன். அவள் என் திரையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். கை மவுஸ்மேல் இருந்தது. குழாய்ச் சத்தம் நின்றது. அவள் மேலே போனாள்.

மேலே கத்தினாலும் கீழே கேட்காது என்று சொன்னேன் அல்லவா. கேபிளுக்காக அகலமாக்கிய துளை வழியாகக் கேட்டது. அவள் குரல் தாழ்ந்து, வரிசையாக எதையோ அடுக்கியது. பிறகு என் தம்பியின் குரல். அந்த மாதிரி ஒரு குரல் அவனிடம் இருப்பது எனக்கே தெரியாது.

"எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொல்லு, ஒத்துக்கறேன். எங்கண்ணனைச் சொல்லாதே."

கொஞ்ச நேரத்தில் என் திரையில் அவன் கோப்புகள் திரும்பி வந்தன. அவனே மறுபடி சொருகியிருந்தான். சார், அன்றைக்கு நான் அழுதேன். பெருமையில்தான். ஒரு மனிதன் தன் அறிவைவிட அண்ணனைப் பெரிதாக நினைக்கிறான் என்றால் அவனை நான் எப்படி வளர்த்திருக்க வேண்டும்.

அந்த மாதமே கடல் தாண்டிய கம்பெனிக்கு எழுதிவிட்டான். உடல்நிலை சரியில்லை, மன்னிக்கவும். நான் அதைப் படித்துவிட்டு மெஷினை அணைத்தேன். அதற்குப் பிறகு எண்களைத் தொடவில்லை, பார்ப்பதை மட்டும் விடவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகும் பேரம் பேசுகிறவன் அற்பன்.

நான் நிறுத்தியதும் தப்புகளும் நின்றன. அவன் தேறினான். சாப்பிட்டான், தூங்கினான், குளிக்கும்போது சீட்டியடித்தான். துளை வழியாகக் கேட்கும். பெரிய இன்ஜினியர் பழையபடி அவன் தாளை இரண்டு முறை பார்க்காமல் விட ஆரம்பித்தார். இந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அந்தக் கம்பெனி ஏன் விடவில்லை என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, உடம்பு தேறியதும் வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவன் பதிலை எழுதி முடித்து, அனுப்பாமல் வைத்திருந்தான். இந்த முறை வீட்டுப் பெரியவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மகளின் பள்ளி பற்றித்தான் கேட்டிருந்தான்.

இப்போது அந்த மேடைக்கு வருகிறேன்.

ஒரு முறை தேநீர் குடிக்கும்போது அவனிடம் கேட்டிருந்தேன், சரியாகத் தாங்குகிற அளவுக்குத்தான் கம்பி போடுவீர்களா என்று. "இல்லண்ணா, நூறு தாங்கணும்னா நூத்தம்பதுக்கு மேலயே தாங்கற மாதிரி வச்சுப்போம்" என்றான். "அதாவது சொல்ற விலை வேற, விக்கிற விலை வேற" என்றேன். "அய்யோ, அப்படி இல்லண்ணா" என்று சிரித்து விளக்க ஆரம்பித்தான். அதற்குள் கடைப் பையன் ஃபோன் செய்தான், நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். உலகத்தில் எல்லா எண்ணிலும் பேரத்துக்கு இடம் வைத்துத்தான் சொல்கிறார்கள். கேட்ட விலையில் பாதிக்கும் கீழே கேட்பதுதான் எங்கள் தெருவில் முதல் பேச்சு.

அந்த மேடை சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கீழே தூண் கிடையாது. மேல்பக்கக் கம்பிதான் அதைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறது. பதினாறு என்று போட்டிருந்தான். பெரிய இன்ஜினியர் பார்த்து, சரி என்று அவனுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் காலை கட்டுமிடத்துக்குப் போக வேண்டிய அட்டவணை அவன் மெஷினில் தயாராக இருந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பதினாறைப் பத்து ஆக்கினேன். இனிமேல் யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தேன். எப்போதும் யாராவது பார்த்தார்கள்.

பார்த்தார்கள், சார். இதைத்தான் நேற்று நீங்கள் என்னைச் சொல்லவிடவில்லை.

இரண்டு நாள் கழித்து மாலையில் அவன் என் எதிரே உட்கார்ந்திருந்தான். ஃபோன் அடித்தது. கம்பி கட்டும் மேஸ்திரி. குரல் வெளியே கேட்கும்படிதான் அந்த மனுஷன் பேசுவார்.

"சார், அந்த நீட்டு மேடைக்குப் பத்துன்னு போட்டிருக்கீங்க. பத்துதானா? எனக்கு என்னவோ மெலிசா தெரியுதே."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். "இருங்க மேஸ்திரி, பார்த்துச் சொல்றேன்." என் மெஷினிலேயே, என் நாற்காலியின் பக்கத்தில் குனிந்து, மேலே இருக்கிற தன் கோப்பைத் திறந்தான். பத்து என்று இருந்தது. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அண்ணா, எனக்குப் பதினாறு போட்ட மாதிரியே இருக்கு."

"ம்."

"நல்லா ஞாபகம் இருக்குண்ணா. பதினாறு. ஆனா இதுல பத்துன்னு இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். ஃபோனுக்குள் மேஸ்திரி யாரிடமோ கயிறு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால்கூட அவன் மேலே போய் மறுபடி கணக்குப் போட்டிருப்பான். அவனுக்கு அது பத்து நிமிட வேலை. அசல் கோப்பு அவன் குனிந்திருந்த அதே மெஷினில் இருந்தது, இரண்டு முறை தட்டினால் திறக்கும்.

நான் சொன்னேன். "மெஷின் பொய் சொல்லுமாடா. மாத்திரை போட்டியா இன்னிக்கு?"

அவன் மெதுவாகத் தலையாட்டினான். கையை எடுத்தான். "பத்துதான் மேஸ்திரி. கட்டுங்க."

பிறகு தேநீரை முழுவதும் குடித்தான். "மறுபடி ஆரம்பிச்சுடுச்சுண்ணா" என்றான். அந்த இரவு அவன் அந்தப் பதில் கடிதத்தை அழித்துவிட்டான். காலையில் பார்த்தேன், இல்லை.

கான்கிரீட் ஊற்றிய பிறகு நான் ஒருநாள் அங்கே போனேன். பல்பு வாங்கிய பாக்கிக்காக அந்தப் பக்கம் போனேன் என்று சொல்லலாம். ஆனால் அதைப் பார்க்கத்தான் போனேன். முட்டுக்கொடுத்த மரங்கள் இன்னும் நின்றன. அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். அழகாக இருந்தது. சுண்ணாம்பு அடித்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று கொத்தனாரிடம் சொன்னேன். "ஓனர் மாதிரியே பேசறீங்களே" என்றார். ஆமாம், அதே கொத்தனார்தான். முட்டு எடுத்த பிறகும் மேடை நின்றது. பார்த்தாயா, விலையில் இடம் இருக்கத்தான் செய்தது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் மேல்மாடிச் சுவருக்கான செங்கலை அதன்மேல் அடுக்கினார்கள். நிழலாக இருக்கிறது என்று கொத்தனார் அதன் அடியில் உட்கார்ந்து கலவை குழைத்தார். அந்தப் பெண் சுமையோடு வந்துகொண்டிருந்தாள்.

நடுவில் இருந்த அத்தனை நாளும் அசல் எண் என் வீட்டில் இருந்தது. சொல்லியிருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பான். அதற்குப் பதில் இல்லை என்பதால் சொல்லவில்லை. நியாயமாக வேறு காரணம் எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை.

உங்கள் ஆட்களை அனுப்பி என் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். 'பழைய ரசீது' என்ற பெயரில் ஒரு பெட்டி இருக்கும். நான் மாற்றிய ஒவ்வொரு கோப்பின் அசலும் அதில் இருக்கிறது. பதினாறும் இருக்கிறது. தான் அனுப்பியது என்ன என்று பெரிய இன்ஜினியரிடம் கேட்டால் ஒத்துப்போகும். நேற்று நீங்கள் வாங்க மறுத்த சரக்கு இதுதான்.

இப்போது ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள். செத்தவர்களுக்காக என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். அப்படி இல்லை. அவனைப் பல வருடம் உள்ளே வைப்பீர்கள் என்று வக்கீல் சொன்னார். வீட்டைவிட்டு எங்கும் போகக்கூடாது என்றுதான் இத்தனையும் செய்தேன். உங்கள் சுவருக்குள் அனுப்புவதற்கா.

இன்று காலை, உங்கள் அறைக்கு வருவதற்கு முன்னால், தாழ்வாரத்தில் அவனைப் பார்க்கவிட்டார்கள். அவன் மனைவியும் இருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. "நீ போட்டது பதினாறுதான்டா, நான்தான் மாத்தினேன். அதுக்கு முன்னாடி நடந்ததும் நான்தான்" என்றேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது செய்தி இல்லை. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினாறா?" என்றான்.

"பதினாறு."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லை."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "கேட்டியா, எனக்கு ஒண்ணும் இல்லையாம். பதினாறுதானாம்" என்றான். சிரித்தான், சார். இத்தனை மாதத்தில் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு அழுகையானபோது அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இடையில் ஒரு தூண்கூட இல்லை. காவலர் வந்து நேரமாகிவிட்டது என்றார். அவன் என் பக்கம் திரும்பாமலே நடந்து போனான்.

ஆகவே கணக்கை முடித்துக்கொள்வோம். கொத்தனார் என் பெயரில். அந்தப் பெண் என் பெயரில். அவள் வீட்டில் யார் யார் என்று நான் விசாரிக்கவில்லை, நீங்கள் விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பியின் தூக்கம், அவன் வேலை, அவள் என்னைப் பார்த்த பார்வை எல்லாம் என் பெயரில். எதையும் குறைக்கச் சொல்லிக் கேட்கப்போவதில்லை. ஆனால் மறுபக்கத்தில் எனக்கு வரவேண்டியது ஒன்றே ஒன்று நிற்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏன் செய்தாய் என்று அவன் கேட்கவே இல்லை. தூக்கி வளர்த்தவனிடம் ஒரு 'ஏண்ணா' கேட்டிருக்கலாம். அது அவன் எனக்குத் தரவேண்டிய பாக்கி.